முடியாதுன்னு எழுதிக் கொடுங்க

ஜாப் ஷீட்டின் அடியில் ‘ரிமார்க்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டு விரல் அகலம்தான். ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ பார்க்க வரும் டெக்னீஷியன், அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், பைக் சீட்டின்மேல் வைத்து அதில் ஏதோ கிறுக்குவார். வீட்டுக்காரர் கீழே கையெழுத்துப் போடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போட்டவர்கள் மிகக் குறைவு. இப்போது பல கம்பெனிகளில் காகிதமும் போய்விட்டது. செல்லுக்கு ஒரு ஓடிபி வரும். சில இடங்களில் அதற்கு ‘ஹேப்பி கோட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டதும் சொல்லிவிடுகிறோம். சொன்ன நொடியில் கம்பெனியின் கம்ப்யூட்டரில் உங்கள் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்படுகிறது. ஃப்ரிட்ஜ் குளிர்கிறதா என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

வாரண்டி வழக்கில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கோர்ட்டுக்குப் போவதெல்லாம் அப்புறம்.

நான் ஐடிஐயில் குளிர்பதன மெக்கானிக் படித்தவன். மதுரையில் ஒரு கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். பிறகு சொந்தமாக ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். இப்போது ஸ்பேனரைவிடப் பேனா பிடிப்பதுதான் அதிகம். நுகர்வோர் அமைப்பு ஒன்றில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் ‘இது வாரண்டியில் வராது’ என்ற வாக்கியம் எங்கே தயாராகிறது என்று எனக்குத் தெரியும்.

அது தெரிந்தால் கோபம் சரியான ஆளிடம் போகும். வீட்டுக்கு வரும் பையன் பெரும்பாலும் கம்பெனி ஆள் அல்ல. கம்பெனியிடம் ஏஜென்சி எடுத்த சர்வீஸ் சென்டரின் ஆள். நான் இருந்த இடத்தில் வாரண்டி வேலைக்குக் கம்பெனி ஒரு நிர்ணயித்த தொகைதான் தரும். வாரண்டி இல்லாத வேலை என்றால் வாடிக்கையாளரிடமே வாங்கிக்கொள்ளலாம், அதில்தான் சென்டருக்கு லாபம். கழற்றிய பாகத்தைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் பார்த்துவிட்டு, ‘எரிந்த தடம் இருக்கிறது, வாரண்டியில் ஏற்க முடியாது’ என்று திருப்பினால், மாற்றிய புதுப் பாகத்தின் விலை சென்டரின் தலையில் விழும். அப்புறம் எந்த டெக்னீஷியன் துணிந்து ‘தயாரிப்புக் கோளாறு’ என்று எழுதுவான்? ‘வோல்டேஜ்’ என்று எழுதுவது அவனுக்குப் பத்திரம்.

மறுப்புகள் எல்லாமே பொய் என்று சொல்ல வரவில்லை. வாஷிங் மெஷினுக்கு அடியில் எலி குட்டி போட்டு, ஒயரை எல்லாம் கடித்துக் குடும்பம் நடத்தியதை நானே பார்த்திருக்கிறேன். அதற்குக் கம்பெனி என்ன செய்யும்? கீழே போட்டு உடைத்த டிவியைத் துடைத்துவிட்டு, ‘தானா கோடு விழுந்துச்சு’ என்பவர்களும் உண்டு. ஆனால் உண்மையான மறுப்புக்கு ஒரு அடையாளம் இருக்கிறது. காரணம் என்ன, எதை அளந்து கண்டுபிடித்தோம் என்று அதை எழுதிக் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். வாயால் மட்டும் சொல்லப்படும் மறுப்பில்தான் எனக்குச் சந்தேகம்.

உசிலம்பட்டிப் பக்கம் வீட்டு வாசலிலேயே டிபன் கடை போடும் ஒரு அக்கா. மாவு வைக்க ஒரு இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் வாங்கினார். ஒரு வருஷம் முடிவதற்கு முன்பே கூலிங் நின்றுவிட்டது. வந்த பையன் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, “பிசிபி போர்டு போயிருச்சுக்கா. வோல்டேஜ் ஏத்த இறக்கம். இது வாரண்டியில வராது” என்றான். போர்டுக்கு ஒரு விலை, லேபர் தனி, அதற்கு ஜிஎஸ்டி தனி. என்னைக் கூப்பிட்டார்கள். மறுமுறை அவன் வந்தபோது நானும் இருந்தேன்.

“தம்பி, வோல்டேஜுங்கிறீங்க. மீட்டர் வச்சுப் பாத்தீங்களா? எவ்வளவு இருந்துச்சு?”

“எல்லா ஊர்லயும் அப்படித்தானண்ணே வருது.”

“சரி, அதையே எழுதிக் குடுங்க. வோல்டேஜை அளக்கலை, எல்லா ஊர்லயும் அப்படித்தான் வரும், அதனால வாரண்டி கிடையாதுன்னு.”

பையன் சிரித்துவிட்டான். நல்ல பையன்தான். ஃப்ரிட்ஜ் கதவின் மேல் ஓரத்தில் கம்பெனியே ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. அக்கா அதன்மேல் பால் கணக்குத் தாளை ஒட்டியிருந்தார். தாளைத் தூக்கினால், ‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ என்று கொட்டை எழுத்து. கீழே, எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்றும் போட்டிருந்தது. ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் என்று சொல்லி விற்ற பொருள், ஏற்ற இறக்கத்தால் கெட்டுப்போனது என்றால் அது யாருடைய குறை?

சட்டம் இங்கேதான் நமக்குத் துணை நிற்கிறது. வாரண்டி கார்டு என்பது கம்பெனி தன் வசதிக்கு எழுதிக்கொண்ட காகிதம். அதில் உள்ளதுதான் நம் உரிமையின் எல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பொருளில் ‘குறைபாடு’ என்றால் என்ன என்று அது சொல்லும் விளக்கம் அகலமானது. ஏதாவது ஒரு சட்டப்படி இருந்திருக்க வேண்டிய தரம், வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ உள்ள ஒப்பந்தப்படி இருந்திருக்க வேண்டிய தரம், அல்லது விற்பவர் ‘எந்த விதத்திலாவது’ இருப்பதாகச் சொன்ன தரம், இவற்றில் எதில் குறைந்தாலும் அது குறைபாடு. விற்பவர் என்ற சொல்லுக்குள் தயாரிப்பாளரும் அடக்கம். ஸ்டிக்கர், பத்திரிகை விளம்பரம், கடையில் கொடுத்த வழவழப்பான பிரசுரம், இணையத்தில் விற்கும் பக்கத்தில் போட்ட வர்ணனை எல்லாம் அந்த ‘எந்த விதத்திலாவது’ என்பதற்குள் வந்துவிடும். அதனால்தான் பொருள் வாங்கும் அன்றே விளம்பரப் பக்கத்தை செல்லில் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். இணையப் பக்கங்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

வாரண்டி கார்டே தராத பொருளுக்கும் உரிமை இல்லாமல் போகாது. வெள்ளைக்காரன் காலத்து 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பொருளை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் வாங்கினால், அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அந்த வியாபாரத்தில் அடங்கிய நிபந்தனை. ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்படாது’ என்று பில்லில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தும் கடைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதையே 2019ஆம் ஆண்டுச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராததும் அதே கணக்கில்தான். வாரண்டி விஷயத்தில் மக்களை ஏமாற்றும்படி பேசுவதும் அதே கணக்கில்தான்.

‘பத்து வருஷ வாரண்டி’ ஸ்டிக்கர் எனக்கு நெடுநாள் எரிச்சல். பத்து வருஷம் என்பது கம்ப்ரஸருக்கு மட்டும். மற்றதற்கெல்லாம் பெரும்பாலும் ஒரு வருஷம். கம்ப்ரஸரே போனாலும் அந்த உருப்படி மட்டும் இலவசம், கேஸ் சார்ஜ், லேபர், போக்குவரத்து நம் செலவு என்று கார்டின் கடைசியில் எறும்பு எழுத்தில் இருக்கும். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரங்களுக்கு வழிகாட்டு விதிகள் போட்டது. விளம்பரத்தில் பெரிதாகச் சொன்னதை அடிக்குறிப்பு மறுக்கக் கூடாது, முக்கியமான தகவலை மறைக்கக் கூடாது, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே அடிக்குறிப்பும் இருக்க வேண்டும் என்கிறது அது. தமிழில் ஆசை காட்டிவிட்டு நிபந்தனையை மட்டும் ஆங்கிலத்தில் ஒளித்து வைப்பது செல்லாது. கடைப்பிடிக்கிறார்களா என்பதை எந்த ஷோரூமுக்குப் போனாலும் நீங்களே பார்க்கலாம்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். கால் சென்டரில் பேசியபோது அந்தப் பக்கத்தில் இன்னொரு கதவையும் சாத்தப் பார்த்தார்கள். “டிபன் கடைக்கு யூஸ் பண்றீங்க மேடம், அது கமர்ஷியல்.” இதைக் கேட்டுப் பின்வாங்கியவர்கள் பலர். வியாபாரத்துக்காக வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியது அதில் சேராது என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. தையல் மெஷின் வாங்கித் தைக்கும் பெண், சொந்த ஆட்டோ ஓட்டுபவர், கிரைண்டரில் மாவு அரைத்து விற்பவர் எல்லாரும் நுகர்வோர்தான். கார்டிலேயே ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று ஒரு வரி இருந்தால் கம்பெனி வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார், அது வேறு விஷயம். அதற்கும் பதில் சொல்ல இடம் உண்டு. ஆணையத்தின் வாசலே உங்களுக்குக் கிடையாது என்று சொல்ல முடியாது.

கடைசியில் அந்தப் பையன் ஜாப் ஷீட்டில் ‘பிசிபி ஃபெயிலியர், சைட் வோல்டேஜ் நாட் செக்டு’ என்று எழுதினான். ஸ்டிக்கரையும் அதையும் படம் எடுத்துக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தமிழிலேயே பேசலாம். அக்காவே பேசிப் பதிவு செய்தார். கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது, போர்டை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். மாவு புளித்து வீணானதற்கும், கடை மூடிக் கிடந்ததற்கும் இழப்பீடு கேட்கலாம் என்றேன். “ஃப்ரிட்ஜு ஓடுதுல்லண்ணே, விடுங்க” என்றார். அதுவும் அவர் உரிமைதான். ஆனால் நம் ஊரில் கம்பெனிகள் இவ்வளவு தைரியமாக முதலில் மறுப்பதற்கு இந்த ‘விடுங்க’ ஒரு காரணம் என்று எனக்கு எண்ணம்.

1915 கோர்ட் அல்ல என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகாரைக் கம்பெனிக்குத் தள்ளிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். பெயர் கெட்டுவிடுமோ என்று பயப்படும் பெரிய கம்பெனிகளிடம் அது வேலை செய்யும். அசையாத கம்பெனி என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் வழி. முன்பு ‘மன்றம்’ என்றார்கள். ஜனங்கள் வாயில் இன்றும் கன்சூமர் கோர்ட்.

அங்கே போக வக்கீல் கட்டாயம் இல்லை. பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. கேட்கும் இழப்பீட்டை வைத்துக் கணக்கிடுவதில்லை, கொடுத்த விலைதான் கணக்கு. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வீட்டுச் சாமான் விஷயம் எதுவும் அதைத் தாண்டாது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் கம்பெனி இருக்கும் ஊரையோ வாங்கிய ஊரையோ தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் ஊரில், அல்லது வேலை பார்க்கும் ஊரில் போடலாம். என்னைக் கேட்டால் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிகப் பெரிய நன்மை இதுதான். இணையத்தில் எங்கோ ஹரியானாக்காரனிடம் வாங்கிய மிக்சிக்குத் தேனியில் வழக்குப் போடலாம். ‘டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்று கார்டில் அடித்திருந்தால் மிரள வேண்டாம். ‘பிரச்சினையை நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்’ என்ற வரி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்கு வர அது தடையில்லை என்று ஒரு வீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்துவிட்டது. மனுவை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், 2025 ஜனவரி முதல் அதற்கான தளத்தின் பெயர் இ-ஜாக்ரிதி. வர முடியாதவர்கள் வீடியோ மூலம் விசாரிக்கும்படி கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மனு எழுத உட்காரும்போது நான் முதலில் கேட்பது பில். அடுத்து ஜாப் ஷீட்டுகள், எத்தனை முறை வந்தார்களோ அத்தனையும். கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூன்றையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பேன். கடைக்காரர், “நாங்க விக்கிறதோட சரி, கம்பெனியைக் கேளுங்க” என்பார். கம்பெனி, “டீலர் செஞ்சதுக்கு நாங்க பொறுப்பில்லை” என்னும். இரண்டாவது வாதத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு. டீலர் பழைய காரைத் தலையில் கட்டிய ஒரு வழக்கில், அது தயாரிப்பாளருக்குத் தெரியும் என்று காட்டாமல் அவர்மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் டாடா மோட்டார்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. யாருடைய தவறு என்று நாம் முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டியதில்லை. மூவரும் உள்ளே இருக்கட்டும், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பார்கள்.

வருபவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: “புதுசு வாங்கிக் குடுங்க.” கொஞ்சம் பொறுங்கள் என்பேன். கோளாறைச் சரிசெய்வது, பொருளை மாற்றித் தருவது, பணத்தை வட்டியோடு திருப்புவது, இழப்பீடு என்று எல்லாமே ஆணையத்தின் கையில் இருக்கும் அதிகாரங்கள்தான். எதைக் கொடுப்பது என்பது கோளாறின் ஆழத்தைப் பொறுத்தது. 2006இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டியில் பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்றுதான் இருக்கிறது, அதனால் முழுக் காரையே மாற்றித் தரச் சொன்னது சரியல்ல என்றது. கம்பெனி வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைப் பையிலேயே வைத்திருப்பார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. பொருளையே மாற்ற வேண்டும் என்றால், ஒரு பாகம் போய்விட்டது என்பது போதாது. பிறவியிலேயே கோளாறு, சரிசெய்தும் சரிசெய்தும் தீரவில்லை என்று காட்ட வேண்டும். அதைக் காட்டுவது ஒவ்வொரு முறையும் நீங்கள் வாங்கி வைத்த ஜாப் ஷீட்தான். ‘ஹேப்பி கோட்’ சொல்லி மூடிய புகார்களை அடுக்கி வைத்தால், எல்லாம் நன்றாக ஓடியது என்றுதான் அது சாட்சி சொல்லும்.

அதன் மறுபக்கமும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஹூண்டாய் வழக்கு. விபத்தில் முன்பக்க ஏர்பேக் விரியவில்லை. மோதலின் வேகமும் விசையும் அது விரியும் அளவுக்கு இல்லை என்றது கம்பெனி. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கார் வாங்குபவர் மோதலின் விசையைக் கணக்குப் போடும் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை, விபத்து நடந்தால் ஏர்பேக் காப்பாற்றும் என்றுதான் சாதாரண மனிதர் நினைப்பார் என்று சொல்லி, இழப்பீட்டோடு வண்டியையும் மாற்றித் தரச் சொன்ன கீழ் ஆணையங்களின் உத்தரவை உறுதி செய்தது. விபத்தில் உடம்புக்குக் கேடு வந்த இது போன்ற விஷயங்களுக்கென்றே 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘தயாரிப்புப் பொறுப்பு’ என்று ஒரு தனி அத்தியாயம் சேர்த்திருக்கிறார்கள். தான் கொடுத்த வெளிப்படையான உறுதிமொழிக்கு ஏற்ப பொருள் இல்லாவிட்டால், ‘நான் அஜாக்கிரதையாக இல்லை’ என்று நிரூபித்தாலும் தயாரிப்பாளர் தப்ப முடியாது. ஆனால் அந்த அத்தியாயம், பொருளால் ஆளுக்கோ மற்றச் சொத்துக்கோ வந்த கேட்டுக்குத்தான். ஃப்ரிட்ஜ் வெடித்துக் கை சுட்டால் அந்த வழி. ஃப்ரிட்ஜ் சும்மா நின்றுபோனால், மேலே சொன்ன ‘குறைபாடு’ வழி. இரண்டையும் குழப்பி எழுதிய மனுக்கள் என்னிடம் திருத்தத்துக்கு வருகின்றன.

செல்போன்காரர்களின் கதை இன்னும் நுட்பமானது. போனுக்குள்ளே மிகச் சின்னதாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர் வைத்திருப்பார்கள். ஈரம் பட்டால் சிவக்கும். சிவந்திருந்தால் ‘லிக்விட் டேமேஜ்’, கதை முடிந்தது. கவுன்டரில் போனைக் கொடுத்துவிட்டு வந்தால் உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் கொடுக்கும்போதே நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள், உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள், ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். வழக்கென்று வந்தால், திறந்து பார்த்துத்தான் குறையைச் சொல்ல முடியும் என்ற பொருளை ஆணையம் தகுந்த பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும், அதற்கான செலவை முதலில் நம்மைக் கட்டச் சொல்லலாம். ஆகவே கம்பெனி கைவிரித்த பிறகு கோபத்தில் வெளிக்கடையில் கொடுத்துப் பிரித்துவிடாதீர்கள். பிரித்த பொருளில் யார் கை பட்டது என்ற சண்டைதான் மிஞ்சும். வெளியே ரிப்பேர் செய்யும் உரிமை வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, மத்திய அரசு அதற்கென ஓர் இணையதளமே தொடங்கியது. எங்களைப் போன்ற ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அது இன்னும் கையில் பிடிக்கும்படியான சட்டமாக வரவில்லை.

காலக்கெடு விஷயத்தில் ஏமாந்தவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அது அவர்கள் விருப்பம். கம்பெனியோடு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டுக்கொண்டிருந்தால் கெடு நீளும் என்று நினைக்கிறார்கள். நீளாது. சில கம்பெனிகள் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இனிமையாகப் பதில் போட்டுக்கொண்டே இருப்பதை வெறும் மரியாதை என்று நான் நினைப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, வாரண்டிக்குள் புகார் கொடுத்து, அவர்கள் இழுத்தடித்ததில் வாரண்டி முடிந்துபோனால், அதைச் சொல்லி அவர்கள் தப்ப முடியாது. முதல் புகாரின் எண்ணும் தேதியும் உங்களிடம் இருக்க வேண்டும். இணையத்தில் வாங்கியது என்றால், குறைதீர் அதிகாரி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த ஒப்புதல் மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.

ஆணையத்துக்குப் போனால் எத்தனை நாள் ஆகும்? எதிர்த்தரப்பு நோட்டீஸ் வாங்கியதிலிருந்து மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நான் பார்த்ததில் அந்தக் கெடுவுக்குள் முடிந்தது அபூர்வம். உறுப்பினர் இல்லை, வாய்தா, கம்பெனி வக்கீல் புதிது என்று வருஷக்கணக்கில் இழுக்கும். ஒரே ஒரு பிடி, கம்பெனி பதில் தாக்கல் செய்ய 30 நாளும் கூடுதலாக 15 நாளும்தான். அதற்குமேல் ஒரு நாளும் தர முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கறாராகச் சொல்லிவிட்டது. பழைய சட்டத்தை வைத்துச் சொன்னது என்றாலும் புதிய சட்டத்திலும் அதே கெடுதான். 46ஆவது நாள் போய் நின்று, பதில் வரவில்லை என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

தீர்ப்பு நம் பக்கம் வந்தால் கம்பெனி 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான். தென்மாவட்டக்காரர்களுக்கு மாநில ஆணையத்தின் கிளை மதுரையிலேயே இருப்பதால் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் சும்மா இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் 72ஆவது பிரிவு. உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலூர்ப் பக்கம் ஒரு விவசாயி, போர்வெல் மோட்டார் விஷயம். வாரண்டிக்குள் வைண்டிங் எரிந்தது. தண்ணீர் இல்லாமல் ஓட்டியதால் எரிந்தது என்று சொன்னார்கள். எழுதிக் கேட்டபோது தரவில்லை. ஆணையத்தில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தும் கம்பெனி அசையவில்லை. 72ஆவது பிரிவில் மனுப் போட்டு, கம்பெனி நிர்வாகி பெயருக்கு நோட்டீஸ் போனதும், மோட்டார் விலைக்கும் மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்து டிடி எடுத்துக்கொண்டு வக்கீல் வந்துவிட்டார். அதற்குள் இவர் வேறு கம்பெனி மோட்டாரை இறக்கி இரண்டு போகம் எடுத்திருந்தார். டிடியைக் கணக்கில் போட வங்கிக்குப் போகும் வழியில் என் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தி, புது மோட்டாரின் வாரண்டி கார்டைக் காட்டி, “இதுல என்னென்ன வராதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கண்ணே” என்றார்.